குமுளி ஏலக்காய்க் கடைக்கு யோகா கிளாஸ் பிரைவசி பாலிசி

போன மாதம் திண்டுக்கல்லில் இருந்து ஒரு டீச்சரம்மா போன் பண்ணினார். "ஏம்ப்பா, நான் கேக்காமயே இன்னொரு பார்சல் அனுப்பியிருக்க? எழுநூத்தம்பது குடுத்து வாங்கி வச்சேன். காயெல்லாம் வெளுத்துக் கெடக்கு."

நான் அனுப்பவே இல்லை. குமுளியில் ஏலக்காய், மிளகு விற்கிற சின்னக் கடை என்னுடையது. கேஷ் ஆன் டெலிவரி பழக்கமே எங்களுக்குக் கிடையாது. லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பியது வேறொரு கடை. முகவரிக்குக் கீழே "தண்ணித் தொட்டிக்கு எதிர் வீடு, நாய் இருக்கு, கூப்பிட்டுட்டு வாங்க" என்றிருந்தது. தீபாவளிக்கு என் வெப்சைட்டில் ஆர்டர் போட்டபோது அந்தம்மா அடித்த அதே வரி, ஓர் எழுத்து மாறாமல்.

சைட்டைச் செய்து கொடுத்தவர் கம்பத்துக்காரர். 18,000 ரூபாய். "பிரைவசி பாலிசி இல்லாட்டி பின்னாடி பிரச்சனை வரும்ணே" என்று தனியாக 3,000 வாங்கினார். அது சரியான பேச்சுதான், கொடுத்தேன். அன்று ராத்திரிதான் அந்தப் பக்கத்தை முதன்முதலாகப் படித்தேன். இங்கிலீஷ். மூன்றாவது பாராவில் 'எங்கள் யோகா மாணவர்கள்' வருகிறார்கள். வழக்கு என்றால் கலிபோர்னியா கோர்ட்டாம். நடுவில் பெரிய எழுத்தில், உங்கள் விவரங்களை யாருக்கும் தரமாட்டோம் என்று வேறு.

மலையிறங்கி லோயர் கேம்ப் வழியாகக் கம்பம் போய் அவர் கடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு ஆர்டரும் எனக்கு வரும்போதே அவர் மெயிலுக்கும் ஒரு காப்பி போயிருக்கிறது. "பேக்கப்புக்குண்ணே, எல்லாருக்கும் அப்படித்தான் செட் பண்ணுவேன்." அந்தப் பார்சல் கடை? "அவங்களும் நம்ம பார்ட்டிதாண்ணே." அதற்கு மேல் என்ன கேட்க?

சரி, தப்பு அவருடையது என்று வக்கீலிடம் போனால், முதல் கேள்வி எனக்குத்தான் வந்தது: "சைட் யார் பேர்ல ஓடுது?"

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 2011 விதிகளின்படியே, ஜனங்களின் விவரங்களை வாங்குகிற நிறுவனம் பிரைவசி பாலிசியைச் சைட்டில் போட வேண்டும், குறைகேட்கும் அலுவலர் பெயரையும் போட வேண்டும். கம்பெனிக்குத்தானே என்று நினைக்காதீர்கள், தனி ஆள் நடத்தும் கடையும் அந்தக் கணக்கில் சேரும். அடுத்தது 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம். விதிகள் 2025 நவம்பரில் வந்தன; அறிவிப்பு, சம்மதம் பற்றிய பகுதிகளுக்கு 18 மாத அவகாசம். அதன்படி என்னென்ன விவரம் வாங்குகிறோம், எதற்கு, சம்மதத்தை எப்படித் திரும்பப் பெறுவது, தரவுப் பாதுகாப்பு வாரியத்தில் எப்படிப் புகார் செய்வது, எல்லாம் தெளிவாக எழுத வேண்டும். மற்ற நிபந்தனைகளுக்குள் புதைக்காமல், தனியாகப் படித்தாலே புரிகிற மாதிரி. தமிழ், மலையாளம் போல அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளிலும் படிக்க வழி இருக்க வேண்டும். தமிழும் மலையாளமும் கேட்கிற எங்கள் ஊருக்கு இது ரொம்பத் தேவை.

என் வயிற்றைக் கலக்கியது இன்னொன்று. நம் சார்பில் விவரங்களைக் கையாளும் ஆள் செய்வதற்கும் நாம்தான் பொறுப்பு, அவரோடு என்ன பேசி வைத்திருந்தாலும் சரி. அப்படி ஒருவரை வைப்பதென்றால் ஒப்பந்தமும் வேண்டும். என்னிடம் இருந்தது ஜிபே ரசீது மட்டும்.

ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்கள் இன்றே பாருங்கள். வெளிநாட்டுக்காரர் பாஸ்போர்ட் காப்பியெல்லாம் உங்கள் மெயிலில் கிடக்கும். உங்கள் சைட்டில் நீங்களே ஒரு பொய் ஆர்டர் போடுங்கள். வீட்டு அடையாளத்தில் வேறெங்கும் எழுதாத ஒரு வார்த்தை அடியுங்கள்; அது பின்னால் வேறு யார் பார்சலிலாவது வந்தால் எங்கிருந்து போனது என்று தெரிந்துவிடும். ஃபார்ம் செட்டிங்கைத் திறந்து எத்தனை மெயில் ஐடி இருக்கிறது என்று எண்ணுங்கள். பாஸ்வேர்ட் உங்களிடம் இருக்கிறதா என்றும்.

டீச்சரம்மாவுக்கு 750-ஐத் திருப்பி அனுப்பிவிட்டேன். ஃபார்மைத் தூக்கியாச்சு, ஆர்டர் இப்போது போனில்தான். டொமைன், அதாவது சைட்டின் முகவரி, இன்னும் கம்பத்துக்காரர் பேரில் இருக்கிறது. மாற்றித் தர 15,000 கேட்கிறார்.