டெம்பரா வண்ணக் கட்டி: நான்கு வயதுக் கைக்கு எப்படி?

மழலையர் வகுப்பில் பெயின்டிங் நாள் என்றால் ஊற்றுவதற்கும் துடைப்பதற்குமே பாதி நேரம் போய்விடும். திரவப் போஸ்டர் கலரை விட்டு டெம்பரா கட்டிக்கு, அதாவது ஈர பிரஷால் தேய்த்துக் கரைத்தெடுக்கும் காய்ந்த வண்ணக் கட்டிக்கு, மாற அந்த ஒரு காரணமே போதும். கிண்ணம் கவிழ்ந்தாலும் கொட்டுவது தண்ணீர்தான்.

கட்டி அகலமாக இருக்க வேண்டும். சுமார் 57 மி.மீ. விட்டமுள்ள வட்டக் கட்டிகளே இந்த வயதுக்குச் சரி. வாட்டர் கலர் பெட்டியில் வரும் பட்டன் அளவுக் கட்டிக்குள் தடித்த பிரஷ் நுழையாது. குழந்தை குத்திக் குத்தி எடுக்கும், பிரஷ் முடி விரிந்து பாழாகும்.

செட்டோடு தரும் பிரஷ்தான் பெரிய ஏமாற்றம். மெல்லிய நைலான் முடி தண்ணீரை மட்டும் சுமக்கும், கட்டியிலிருந்து வண்ணத்தைக் கரைத்தெடுக்காது. படம் வெளிறிப் போக, 'கலர் சரியில்லை' என்று பழி கட்டியின் மேல் விழும். அந்த பிரஷை ஓரமாக வைத்துவிட்டு, 12 மி.மீ. அகலமுள்ள, குட்டைக் காம்புப் பன்றிமுடித் தட்டை பிரஷ் வாங்குங்கள்.

வகுப்புக்கு ஐந்து நிமிடம் முன்பே ஒவ்வொரு கட்டியின் மேலும் அரை தேக்கரண்டித் தண்ணீர் விட்டு வைக்கவும். பிறகு குழந்தைக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: பிரஷை நனை, கிண்ண விளிம்பில் வழி, எட்டு எண்ணும்வரை கட்டியில் வட்டமாகச் சுழற்று. தயிர் போலக் குழைந்து வந்தால் பதம். நுரைத்து வந்தால் தண்ணீர் கூடிவிட்டது. தாளில் குமிழி உடைந்த இடமெல்லாம் பொட்டுப் பொட்டாக வெளுத்துத் தெரியும்.

நிறத் தேர்வில் குறை இருக்கிறது. ஆறு நிற செட்டில் பெரும்பாலும் ஆரஞ்சுச் சாயல் கொண்ட சிவப்பே வரும். அதில் மஞ்சள் ஒளிந்திருப்பதால் நீலத்தோடு கலந்தால் ஊதா வராது, சேற்றுப் பழுப்புதான் வரும். ஊதா வரும் என்று ஆசிரியர் சொல்லி வைத்திருப்பார். ஐந்து வயதுப் பிள்ளை அவர் முகத்தைப் பார்க்கும்! மெஜந்தா உள்ள செட்டை எடுங்கள், இல்லாவிட்டால் மெஜந்தாக் கட்டியைத் தனியாக வாங்குங்கள். கறுப்பை முதல் சில வாரங்கள் பெட்டியிலிருந்து எடுத்துவிடலாம், ஒரு துளி பட்டாலும் பக்கத்து நிறங்கள் எல்லாம் மங்கும். மஞ்சள்தான் முதலில் அழுக்காகும். ஈர ஸ்பஞ்சால் ஒருமுறை துடைத்தால் மேல்படிவு போய்விடும்.

கட்டிகளை ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சை பிடித்து நாறும். இரவு முழுக்கத் திறந்தே நிழலில் காயட்டும். வெயிலில் வைத்தால் வெடித்துத் துண்டாகும்.

தாள் 150 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) அளவுக்காவது இருக்கட்டும். 80 ஜி.எஸ்.எம். நகலெடுக்கும் தாளில் ஒரே இடத்தை நாலு முறை தேய்த்தால் நார் எழும்பி ஓட்டை விழும், அந்த வயதில் தேய்க்காமல் இருக்கவும் மாட்டார்கள்.

'நச்சற்றது' என்ற சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். ஏபி முத்திரையோ (கலைப்பொருள் நச்சற்றது என்று பரிசோதித்துத் தரும் அமெரிக்க முத்திரை) இஎன் 71-3 குறிப்போ (பொம்மைகளிலிருந்து கசியும் உலோகங்களுக்கு வரம்பு வைக்கும் ஐரோப்பியத் தரநிலை) இருக்கிறதா பாருங்கள். ஏஎஸ்டிஎம் டி-4236 என்ற அமெரிக்கத் தரநிலை அபாயங்களைச் சரியாக லேபிளிட்டிருப்பதைக் குறிப்பது, அது மட்டும் நச்சின்மைக்குச் சான்று ஆகாது. 'துவைத்தால் போகும்' என்று போட்டிருந்தாலும் சிவப்பும் ஊதாவும் வெள்ளைத் துணியில் சாயம் விடலாம். உடனே குளிர்ந்த நீரில் அலசுங்கள்.

அச்சுப் பதிப்புக்கு இது உதவாது. இலையோ கையோ பதிக்க, குழைவாகப் பரவும் திரவ வண்ணம்தான் வேண்டும். தடிமனாகப் பூசிய படத்தைச் சுருட்டினாலும் வண்ணம் செதிளாக உதிரும்.

வாங்குமுன் தனிக் கட்டி கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிடைக்காத செட்டில், வெள்ளை தீர்ந்த பிறகு இளநிறம் எதையும் கலக்க முடியாமல் மற்ற ஐந்தும் பாதிக் கட்டியாகவே கிடக்கும்.