கேர், சாங்ரி நம்பி வாங்க சௌகார்பேட்டையில் ஒரு கடை

தங்கசாலைத் தெருவுக்கு முறுக்கு சாண்ட்விச் சாப்பிடப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கடையைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். யானைக்கவுனி பக்கம் பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. இரண்டு பேர் நின்றாலே கடை நிறைந்துவிடும். பெயர்ப்பலகை இந்தியில் மட்டும்தான். உள்ளே இருப்பதெல்லாம் ராஜஸ்தான் பாலைவனத்துச் சரக்கு: கேர் என்ற முள்புதரின் சின்னக் காய், சாங்ரி, கும்மட் மரத்து விதை, நறுவிலிக்காய் வற்றல், காச்ரி என்ற சின்னக் காட்டு வெள்ளரி, பயத்தம்பருப்பு வடகம், காரமான அப்பளம்.

கல்லாவில் இருக்கும் அம்மாவை எல்லோரும் மாஜி என்றுதான் கூப்பிடுகிறார்கள். பலோதிக்குப் பக்கத்தில் இருக்கும் கீச்சன் கிராமம் அவருடைய சொந்த ஊர். 2016 மே 19 அன்று 51 டிகிரி வெயில் பதிவானதே, அந்தப் பலோதிதான். மழை குறைவு, பச்சைக் காய்கறி வருடத்தில் சில வாரம்தான் கண்ணில் படும். கிடைக்கும்போது பறித்துக் காயவைத்து, வருடம் முழுக்க ஓட்டுவார்கள். மாடியில் கருவாடு காயும் ராயபுரத்து வீட்டில் வளர்ந்த எனக்கு இந்தச் சமையல் சீக்கிரமே பிடித்துப்போனது.

சாங்ரி என்பது வன்னி மரத்தின் காய்தான். விருத்தாசலம் கோயிலில் தலமரமாக நிற்கிறதே, அதே வன்னி. நாம் சுற்றிவந்து கும்பிடும் மரத்தை அவர்கள் கும்பிடவும் செய்கிறார்கள், அதை நம்பிப் பிழைக்கவும் செய்கிறார்கள். காய் மனிதர்களுக்கு, இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும். 1899-1900 பெரும் பஞ்சத்தில் பட்டையை உரித்து, அரைத்துத் தின்று உயிர் பிழைத்திருக்கிறார்கள். ஜோத்பூர் அருகே கேஜட்லியில் 1730-ல் மன்னரின் ஆட்கள் இந்த மரங்களை வெட்ட வந்தபோது, அந்த ஊர்ப் பெண் அம்ரிதா தேவியோடு சேர்த்து பிஷ்னோய் சமூகத்து மக்கள் 363 பேர் மரத்தைக் கட்டிக்கொண்டு உயிரையே விட்டார்கள். இதெல்லாம் தெரிந்தபிறகு இந்தக் காயை வீணாக்க எனக்கு மனசு வருவதில்லை.

சரக்கின் தரத்துக்கு வருகிறேன். நல்ல சாங்ரி மெல்லியதாக, ஒரே சீராக இருக்க வேண்டும். முற்றின காய் எவ்வளவு வேகவைத்தாலும் நார்தான். இங்கே முற்றல் கலப்பதில்லை, காம்பும் குச்சியும் எடை போடுவதில்லை. கேர் மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக இருப்பதுதான் உயர்ந்த ரகம். பொடிசாக ஆக ஆக விலை ஏறும். மாஜி மூன்று ரகத்தையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டி, "சமைக்கிறது எத்தனை பேருக்குமா?" என்று கேட்டுவிட்டுத்தான் எடை போடுவார். அதிகம் கேட்டால் குறைத்துக் கொடுப்பவரும் அவரே.

கேரையும் சாங்ரியையும் ராத்திரி மோரில் ஊறவைத்து, காலையில் வேகவைத்து வடித்து, எண்ணெயில் ஓமம், காய்ந்த மிளகாய், மாங்காய்த் தூள் போட்டு வதக்க வேண்டும். "வதக்கும்போது தண்ணி ஊத்தக் கூடாதும்மா, ஊத்தினா நாள் தாங்காது" என்றார் மாஜி. ரயிலில் நாள்கணக்காகப் பயணம் செய்து வியாபாரத்துக்கு வந்தவர்கள் கட்டிக்கொண்டு வந்த சாப்பாடு இது.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. குர்ஜா பறவைகளுக்குத் தானியம் வாங்கச் சேர்க்கும் காசு. மங்கோலியா பக்கமிருந்து ஆயிரக்கணக்கில் பறந்து வந்து குளிர்காலம் முழுக்க கீச்சனில் தங்கும் பறவைகள் அவை. ஊரைவிட்டுப் போய்ச் சம்பாதிக்கிறவர்களும் தீனிக்குப் பணம் அனுப்புகிறார்கள். அந்த ஊரின் நீர்நிலைகளுக்கு 2025-ல் ராம்சார் அங்கீகாரம், அதாவது உலக அளவில் முக்கியமான நீர்நிலை என்ற அங்கீகாரம் கிடைத்தது. அதைச் சொல்லும்போது மாஜியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நான் போகும்போதெல்லாம் மீதிச் சில்லறையை அந்தப் பெட்டியில்தான் போடுகிறேன்.

குறை இரண்டு. விலை எழுதி ஒட்டுவதில்லை, கேட்டால்தான் தெரியும். அப்புறம், காச்ரிப் பொடி ஒருமுறை பழைய வாசனை அடித்தது, முழுக் காச்ரி வாங்கி வீட்டில் பொடிப்பதே நல்லது. விலை அதிகம்தான், ஆனால் கால் கிலோ சாங்ரி எங்கள் நான்கு பேருக்குப் பல வேளை வருகிறது.

ஹோலி முடிந்து, சீதளா தேவியைக் கும்பிடும் சீதளா அஷ்டமிப் பண்டிகை வரும் வாரத்தில் போகாதீர்கள். அன்றைக்கு ஆறின சாப்பாடுதான் என்பதால், முந்தின நாளே சமைத்து வைக்க ஊரே கேர் சாங்ரி வாங்கும், சின்ன கேர் தீர்ந்துபோயிருக்கும்.