640 டாலர் கொடுத்து மச்சு பிச்சுவின் வாசலை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன்

பெருவின் தலைநகர் லிமாவின் விமான நிலையத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தூங்கி எழுந்தால் அலுவலக வேலை வந்து மூடிக்கொள்ளும், அப்புறம் "சரி, போகட்டும்" என்று விட்டுவிடுவேன். 640 டாலரை அப்படிப் போகட்டும் என்று விட எனக்கு மனசு வரவில்லை.

அலுவலக வேலையாகப் பெருவுக்கு வந்தேன். வெள்ளிக்கிழமை மாலை ஒரு சுற்று வேலை முடிகிறது, திங்கள் காலை 9 மணிக்குக் கடைசி மீட்டிங், அன்று இரவு விமானம். நடுவில் இரண்டே நாள். உலகத்தின் மறுகோடி வரை வந்துவிட்டு, மலைமேல் இன்காக்கள் கட்டிய பழைய நகரமான மச்சு பிச்சுவைப் பார்க்காமல் போவதா என்று யாருக்கும் தோன்றும்தானே. லிமாவிலிருந்து குஸ்கோவுக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம், அங்கிருந்து ஒயந்தைதம்போவுக்குக் காரில் இரண்டு மணி நேரம், பிறகு ரயிலில் ஏறி மலையடிவாரத்து ஊரான அகுவாஸ் காலியென்தெஸ், மறுநாள் காலையில் பேருந்து. கணக்குப் போட்டால் முடியும், ஆனால் ஒரு கண்ணி அறுந்தாலும் எல்லாம் போச்சு.

இதை நானே ஒவ்வொன்றாகப் பதிவு செய்திருக்கலாம். நேரமில்லை. பகலில் மீட்டிங், இரவில் நேர மாற்றத்தால் தூக்கம் வராமல் புரள்வது, அதிகாலை மூன்று மணிக்குப் போனை நோண்டுவது. அப்படி ஒரு மூன்று மணிக்குத்தான் அந்த ஆன்லைன் டூர் ஏஜென்சி கண்ணில் பட்டது. பெயர் போடப் போவதில்லை, புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். நல்ல பளபளப்பான தளம், ஏகப்பட்ட நட்சத்திரங்கள், வாட்ஸ்அப்பில் உடனே பதில். நான் அனுப்பிய முதல் செய்தியை இப்போது எடுத்துப் படித்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது: "பிசினஸ் ட்ரிப்பில் வந்திருக்கிறேன், ஞாயிறு இரவு எப்படியும் லிமா திரும்பியாக வேண்டும், ஒரு நாள்கூடத் தள்ளிப்போட முடியாது." இவன் நின்று சண்டை போட மாட்டான் என்று நானே எழுத்தில் கொடுத்திருக்கிறேன், பாருங்கள்!

ரயில், ஓட்டல், பேருந்து, நுழைவுச்சீட்டு, வழிகாட்டி எல்லாம் சேர்த்து 640 டாலர். கிரெடிட் கார்டில் கட்டினால் கூடுதல் கட்டணம், வங்கிக்கு நேரடியாக அனுப்பினால் தள்ளுபடி என்றார் வாட்ஸ்அப்பில் பேசிய ஏஜென்சி ஆள். அங்கே யோசித்திருக்க வேண்டும். ஒரு நிமிடம் யோசிக்கவும் செய்தேன். அப்போது அவரே, "அமிகோ (நண்பரே), பாஸ்போர்ட் படம் அனுப்புங்கள், இல்லாவிட்டால் சீட்டு எடுக்க முடியாது, அரசாங்க விதி" என்றார். அது உண்மையான விதி. மச்சு பிச்சு சீட்டில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் இருக்க வேண்டும், வாசலில் அசல் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். விதியெல்லாம் தெரிந்த ஆளாக இருக்கிறாரே என்று அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். பத்து நிமிடத்தில் பணம் போய்விட்டது.

இதில் கொடுமை, ரயில் சீட்டு நிஜம், ஓட்டலும் நிஜம். குஸ்கோவில் இறங்கியதும் தலை விண்விண் என்று தெறித்தது (3,400 மீட்டர் உயரம், இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது), ஆனாலும் பெயர் எழுதிய அட்டையோடு டிரைவர் நின்றார். ரயிலில் ஜன்னல் ஓர இடம், பக்கத்திலேயே உருபம்பா ஆறு. எல்லாம் சொன்னபடி நடக்க நடக்க, இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் கரைந்துவிட்டது.

ஞாயிறு காலை ஐந்து மணிக்கே பேருந்து வரிசையில் நின்று, வளைந்து வளைந்து மேலே போய், வாசலில் போனை நீட்டினேன். அங்கே சீட்டு பார்க்கும் பெண் என் பிடிஎஃப்பை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார், மேலே தள்ளினார், கீழே தள்ளினார். "பொலேட்டோ?" என்றார், சீட்டு எங்கே என்று. இதுதான் என்றேன். பக்கத்தில் நின்றவரின் சீட்டை வாங்கி என் முன்னால் காட்டினார்: பெயர், பாஸ்போர்ட் எண், உள்ளே எந்தச் சுற்றுப்பாதையில் நடக்கலாம், எத்தனை மணிக்கு நுழைவு, எல்லாம் இருந்தன. என்னுடையதில் என் பெயர், தேதி, ஏஜென்சியின் சின்னம், கீழே ஒரு பார்கோடு. சீட்டே இல்லை அது, அவர்களே அச்சடித்த வவுச்சர். எனக்காக நுழைவுச்சீட்டு எடுக்கவே இல்லை. வழிகாட்டி என்று ஒருவரும் வரவுமில்லை. பின்னால் நின்றவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். நான் நின்ற இடத்திலிருந்து எட்டிப் பார்த்தால் ஒரு இன்கா கல்கூடத் தெரியவில்லை.

கீழே ஓடினேன். ஊரில் நேரில் சீட்டு விற்கும் அலுவலகம் இருக்கிறது, ஆனால் அங்கே கிடைப்பது மறுநாளுக்கு. இரண்டு வாரம் விடுமுறையில் வந்தவர் என்றால் தங்கிப் பார்த்துவிட்டு வருவார். எனக்கு மறுநாள் ஏது?

அதன் பிறகு ஏஜென்சியின் பதில்கள். முதலில் "சிஸ்டம் பிரச்சினை, அரை மணி நேரம் பொறுங்கள் அமிகோ." ஒன்றரை மணி நேரம் பொறுத்தேன். அடுத்து "ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் கிடையாது." அடுத்து "நீங்கள் தாமதமாகப் போனீர்களா?" ஐந்து மணிக்கு வரிசையில் நின்றவனிடம் கேட்கிற கேள்வியா இது? திங்கள் காலை வேறொரு ஆள், "ரயிலும் ஓட்டலும் பயன்படுத்திவிட்டீர்கள், நுழைவுச்சீட்டுப் பணத்தை மட்டும் நிர்வாகக் கட்டணம் கழித்துத் தருகிறோம்" என்கிறார். வெளிநாட்டவருக்கு அந்தச் சீட்டு 152 சோல் (பெரு நாணயம்), சுமார் 40 டாலர். 640 டாலர் கட்டி நான் போனது ரயிலில் தூங்கவா? இதைக் கேட்டேன். இப்போது வாட்ஸ்அப்பில் ஒரு டிக் மட்டும் விழுகிறது. வங்கியில் கேட்டால் நீங்களே விரும்பி அனுப்பிய பணம் என்கிறார்கள். அலுவலகக் காப்பீடு சொந்த நாட்களுக்குச் செல்லாதாம். மேனேஜரிடம் சொன்னேன், "வீக்கெண்ட் எப்படி, நல்லா போச்சா?" என்று சிரித்தார்.

விவரமாகப் பத்து அறிவுரை எழுதலாம் என்று ஆரம்பித்தேன், போர்டிங் அழைத்துவிட்டார்கள். மச்சு பிச்சு என்றால் முதலில் பெருவின் கலாசார அமைச்சகத் தளத்தில் நுழைவுச்சீட்டு, அது கையில் வந்த பிறகுதான் ரயிலும் ஓட்டலும். யார் மூலம் எடுத்தாலும் பாஸ்போர்ட் எண்ணும் சுற்றுப்பாதை எண்ணும் உள்ள அசல் சீட்டு வராமல் கிளம்பாதீர்கள். வங்கிக்கு நேரடியாக அனுப்பவே அனுப்பாதீர்கள், கூடுதல் கட்டணம் போனாலும் கிரெடிட் கார்டு. உங்களுக்கு நாள் குறைவு என்று சொல்லாதீர்கள். பெருவில் ஒவ்வொரு வியாபாரியும் புகார்ப் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம், ஏமாந்தால் அதில் எழுதிவிட்டு இந்தெகோப்பி என்ற நுகர்வோர் அமைப்புக்கும் போகலாம், நான் போயிருக்கிறேன்.

ஒன்று விட்டுவிட்டேன். இன்று மீட்டிங் முடிந்ததும், லிமாவின் மீராஃப்ளோரஸ் பகுதியில் ஓட்டலிலிருந்து நடந்தே உவாக்கா புக்யானா போனேன். அடுக்குமாடிகளுக்கு நடுவே மண்செங்கல் பிரமிடு, இன்காக்களுக்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தியது, செங்கல்களை அலமாரியில் புத்தகம் அடுக்குவது போல நிறுத்தி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். வாசலிலேயே சீட்டு கொடுத்தார்கள், உள்ளே விட்டார்கள்.