சின்ன லேத்துக்கு எது மலிவு: எச்எஸ்எஸ்ஸா, பிரேஸ்டு கார்பைடா, இன்செர்ட்டா?

வீட்டில் சின்ன லேத் வைத்துக் கடைபவர்கள் டூல் வாங்கும்போது முதலில் விலையைத்தான் பார்க்கிறார்கள். அந்த டூலை எத்தனை முறை சாணை பிடிக்கலாம், நம் மெஷின் அதற்கு ஈடுகொடுக்குமா என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு சரியாக வரும். எச்எஸ்எஸ் என்பது ஹை ஸ்பீடு ஸ்டீல் என்ற டூல் எஃகு. பிரேஸ்டு கார்பைடு என்பது எஃகுத் தண்டின் நுனியில் கார்பைடு என்ற மிகக் கெட்டியான பொருளைப் பற்றவைத்த டூல். இன்செர்ட் என்பது ஹோல்டர் என்ற பிடியில் மாட்டி, ஒரு விளிம்பு மழுங்கினால் அடுத்ததற்குத் திருப்பிக்கொள்ளும் சின்னக் கார்பைடுத் துண்டு.

வேகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மைல்டு ஸ்டீலை எச்எஸ்எஸ் டூலால் கடைய, கம்பியின் மேற்பரப்பு டூலைக் கடக்கும் வேகம் நிமிடத்துக்கு 30 மீட்டர் இருந்தால் போதும். 25 மி.மீ. கம்பி என்றால் சுமார் 380 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று), அதை எந்தச் சின்ன லேத்தும் தந்துவிடும். அதே கம்பியில் கார்பைடுக்கு 120 மீட்டர் கொடுக்க வேண்டுமானால் 1,500 ஆர்பிஎம்முக்கு மேல் போக வேண்டும், அந்த வேகத்தில் ஆழமாக வெட்ட மோட்டாருக்கும் தெம்பு வேண்டும், மெஷினும் அதிராமல் நிற்க வேண்டும்.

அதனால் என் ஓட்டு முதலில் எச்எஸ்எஸ் பிட்டுக்குத்தான். சதுரமான ஒரு துண்டின் இரண்டு முனையையும் தீட்டிக்கொள்ளலாம், மழுங்கினால் மறுபடி தீட்டலாம், மரை வெட்டவோ விளிம்பை வளைவாக்கவோ வேண்டிய வடிவத்தை நாமே கொண்டுவரலாம். முன்பக்கமும் பக்கவாட்டிலும் 8 முதல் 10 டிகிரி சாய்வு கொடுத்து, கடைசியில் எண்ணெய்க் கல்லால் மூக்கை, அதாவது வெட்டும் நுனியை, லேசாக உருட்டிவிட்டால் பரப்பு வழவழவென்று வரும். சதுரக் கம்பியை உருளையாக்கும்போது விழும் இடியையும் இது தாங்கும், கார்பைடு விளிம்பு அங்கே தெறித்துவிடும். 8 சதவீதம் கோபால்ட் உள்ள எம்42 என்ற எச்எஸ்எஸ் வகை ஸ்டெயின்லெஸுக்கு நல்லது, மற்ற வேலைக்குச் சாதா பிட்டே போதும்.

பிரேஸ்டு கார்பைடு டூல் விலையில் மலிவுதான், ஆனால் பெரும்பாலும் முனை சரியாகத் தீட்டப்படாமலே வரும். சாதாரண சாம்பல் நிறச் சாணைக்கல்லும் அதற்கு ஆகாது. பச்சை சிலிக்கான் கார்பைடு கல்லோ வைரச் சக்கரமோ வேண்டும், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல் என்பதால் மாஸ்க்கும் வேண்டும். வார்ப்பிரும்பின் கெட்டியான மேல்தோலை உரிக்க ஒன்று இருந்தால் போதும்.

இன்செர்ட்டில்தான் கவனமாக இருக்க வேண்டும். டிஎன்எம்ஜி (TNMG) என்ற முக்கோண இன்செர்ட்டுக்கு ஆறு விளிம்பு, ஒரு விளிம்புக்கு என்று கணக்குப் போட்டால் அதுதான் மலிவு, ஆனால் அதன் நெகட்டிவ் கோணத்துக்கு (வெட்டும் முகம் முன்பக்கம் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பது) நிறைய விசை தேவைப்படுவதால் சின்ன லேத் திணறி அதிரும். இரண்டே விளிம்பு உள்ள சிசிஎம்டி (CCMT) 060204 என்ற இன்செர்ட் சின்ன லேத்துக்கு எவ்வளவோ மேல். கடைசி 04 என்பது 0.4 மி.மீ. மூக்கு வளைவு, அதைவிட மிக மெலிதாக வெட்டினால் வெட்டாமல் தேய்த்துக்கொண்டே போகும். அலுமினியத்துக்கென்று பளபளப்பாகக் கூர்தீட்டிய சிசிஜிடி (CCGT) இன்செர்ட், லேசான வெட்டில் இரும்பிலும் அருமையாக வேலை செய்கிறது.

ஹோல்டரில் காசை மிச்சம் பிடிக்கலாம், இன்செர்ட்டில் வேண்டாம். அப்புறம், ஹோல்டர்களை செட்டாக வாங்குமுன் எல்லாமே ஒரே அளவு இன்செர்ட் ஏற்கிறதா என்று பாருங்கள். ஆளுக்கொரு அளவாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெட்டி வாங்க வேண்டிவரும்.