உடைந்த கிளட்ச் கவரும் 200 ஆம்பியர் டிக் இயந்திரமும்

வீட்டுப் பட்டறைக்கென்று விற்கப்படும் 200 ஆம்பியர் ஏசி-டிசி டிக் (டங்ஸ்டன் முனையிலிருந்து எழும் மின்சுடரால் உலோகத்தை உருக்கிப் பற்றவைக்கும்) வெல்டிங் இயந்திரம் ஒன்றை ஆறு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். இரும்பில் எல்லா இயந்திரங்களும் ஓரளவு ஒழுங்காகவே வேலை செய்யும் என்பதால், இதன் தரத்தை அறிய, போல்ட் காது உடைந்துபோன, வார்ப்பு அலுமினியத்தாலான பைக் கிளட்ச் கவர் ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதன் மேல் படிந்துள்ள ஆக்சைடு படலமோ 2,000 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும். ஏசி மின்னோட்டத்தில் டங்ஸ்டன் நேர்மின் முனையாக இருக்கும் வேளையில் அந்தப் படலம் பெயர்கிறது. எதிர்மின் முனையாக மாறும் வேளையில் வெப்பம் ஆழமாக இறங்குகிறது. இவ்விரண்டின் விகிதத்தை மாற்றும் குமிழ்தான் இந்த இயந்திரத்தின் பெரும் பலம். படலத்தைப் பெயர்க்கும் தூய்மைப் பங்கை 25 விழுக்காட்டிலிருந்து 35க்கு உயர்த்தியதும், கறுத்துக் கலங்கியிருந்த உருகிய குட்டை கண்ணாடிபோல் தெளிந்தது. அதற்கும் மேலே ஏற்றியபோது டங்ஸ்டன் முனை சூடேறி உருண்டைகட்டியது.

ஆனால் ஆண்டுக்கணக்கில் எண்ணெயில் ஊறிய வார்ப்பை எந்தக் குமிழாலும் சுத்தமாக்க முடியாது. முதல் முயற்சியில் பற்று (பற்றவைத்த இடம்) முழுவதும் துளைகளாகிவிட்டது. அதை அறவே அராவி எடுத்து, விரிசலை வி வடிவில் திறந்து, அசிட்டோனால் கழுவி நன்றாக உலரவிட்டு, 120 டிகிரி வரை சூடாக்கி, கசிந்து வந்த எண்ணெயைத் துடைத்து, அலுமினியத்துக்கென்றே ஒதுக்கிய துருப்பிடிக்காத எஃகு பிரஷ்ஷால் தேய்த்த பிறகு, மூன்றாம் முறைதான் துளையின்றிப் பிடித்தது. குளோரின் கலந்த பிரேக் கிளீனரை இதற்கு ஒருபோதும் தொடாதீர்கள். வெல்டிங் சுடரின் புற ஊதாக் கதிர் பட்டால் அதன் ஆவி பாஸ்ஜீன் என்ற நச்சுவாயுவாக மாறும். நிரப்புக் கம்பியாக 5 விழுக்காடு சிலிக்கன் கொண்ட 4043 வகையையே தேர்ந்தேன். வார்ப்பில் விரிசல் விழாமல் காப்பது அந்தச் சிலிக்கன்தான்.

குறை என்று சொன்னால் முதலில் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் கால் பெடல். அலுமினியம் உருகும் முன் இரும்பைப்போல் சிவந்து எச்சரிப்பதில்லை. மேற்பரப்பின் மினுமினுப்பைப் பார்த்தே மின்னோட்டத்தைக் குறைத்தாக வேண்டும். 130 ஆம்பியரில் தொடங்கிய நான், கவர் சூடேற ஏற 90க்கும் கீழே இறங்க வேண்டியிருந்தது. இந்தப் பெடலோ கடைசிக் கால்பங்கில் மின்னோட்டத்தைச் சட்டென்று அறுத்துவிடுகிறது. பற்றின் முடிவில் சிறு குழி விழுந்து, அங்கிருந்தே விரிசல் தொடங்குகிறது. காற்றால் குளிரும் டார்ச்சும் 150 ஆம்பியருக்கு மேல் சில நிமிடங்களிலேயே கையுறையைத் தாண்டிச் சுடுகிறது. எர்த் கிளாம்ப் மெலிது. முதல் வாரத்திலேயே மாற்றினேன்.

இரும்பு வேலை மட்டும் செய்பவருக்கு டிசி இயந்திரமே போதும். வார்ப்பு அலுமினியத்தைச் சரிசெய்ய விரும்புபவர் இதைத் தயங்காமல் வாங்கலாம், நல்ல பெடல் ஒன்றைத் தனியாகச் சேர்த்து. காதில் துளையிட்டு முகத்தைச் சமமாக அராவிப் பூட்டிய அந்தக் கவரில் இன்றுவரை ஒரு சொட்டு எண்ணெய்கூடக் கசியவில்லை.