லாஸ்பேட்டை சாஃப்ட்வேர் தொழில் வகுப்பு: 4,500 ரூபாய்க்கு என்ன கிடைத்தது

ரத்தப் பரிசோதனை லேப்களுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்து விற்கிறோம், கடலூர் மஞ்சக்குப்பத்தில், நாலு பேராக. வெளிநாட்டுக்கும் விற்கணும் என்று இரண்டு வருடமாகப் பேச்சு மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் போன மாதம் புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு சின்ன பயிற்சி மையம் நடத்திய சனி, ஞாயிறு வகுப்புக்குப் போனேன். மதியச் சாப்பாட்டோடு 4,500 ரூபாய்.

முதல் நாள் காலை ஒன்றுக்கே அந்தப் பணம் தகும். வகுப்பெடுத்த சார் போர்டில் 100 என்று எழுதி, மாதா மாதம் நூற்றுக்கு 5 வாடிக்கையாளர் கழன்றுகொண்டால் ஒரு வருடத்தில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று கேட்டார். 40 என்றோம். கால்குலேட்டரில் போட்டால் 54 வந்தது, பரவாயில்லையே என்று நினைப்பதற்குள், போன அந்த 46 பேரைப் பிடிக்க எவ்வளவு செலவு செய்தீர்கள் என்றார். நாங்கள் ஒரே தடவையாக 25,000 வாங்கிக்கொண்டு, அப்புறம் ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு) பணத்துக்கு ஒவ்வொரு லேப்பாகப் போன் போட்டுக்கொண்டிருப்பவர்கள். சந்தா முறைக்கு மாறணும் என்பது அங்கேயே முடிவாகிவிட்டது.

வெளிநாட்டு விற்பனைக்கு இரண்டு உதாரணங்கள் சொன்னார். ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற சாஃப்ட்வேர் நிறுவனம் 2010இல் சென்னையில் தொடங்கியது, முதல் வாடிக்கையாளரே ஆஸ்திரேலியாவில் ஒரு கல்லூரி, வெளி முதலீட்டோடு வளர்ந்து 2021இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தைக்குப் போனது. இன்னொரு சாஃப்ட்வேர் நிறுவனமான ஜோஹோ 1996இலிருந்து வெளி முதலீடே வாங்காமல் வளர்ந்தது. நமக்கு இரண்டாவது வழிதான் ஒத்துவரும் என்று எனக்குப் படுகிறது.

ஞாயிறு காலை எல்யூடி, அதாவது வரி கட்டாமல் ஏற்றுமதி செய்ய ஜிஎஸ்டி துறைக்குக் கொடுக்கும் உறுதிமொழிக் கடிதம். வெளிநாட்டுக்கு விற்கும் சேவைக்கு ஜிஎஸ்டி பூஜ்யம்தான், ஆனால் நிதியாண்டுக்கு ஒருமுறை போர்ட்டலில் ஆர்எஃப்டி-11 படிவம் போடணும், போடாவிட்டால் ஐஜிஎஸ்டி (மாநிலம், நாடு தாண்டிய விற்பனைக்கான ஜிஎஸ்டி) கட்டிவிட்டு ரீஃபண்டுக்குக் காத்திருக்கணும். மட்டக்களப்பு லேப் ஒன்றுக்கு நாங்கள் அது போடாமலேயே விற்றிருக்கிறோம். சார் போர்ட்டலையே திரையில் திறந்து ஒவ்வொரு பெட்டியாக நிரப்பிக் காட்டினார், இப்படி யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

குறை இல்லாமல் இல்லை. ஐரோப்பாவில் தனிநபர்களுக்கு விற்றால் அந்தந்த நாட்டு வாட் வரியை நாம்தான் வசூலித்துக் கட்டணும், பேடில் மாதிரி நிறுவனங்கள் நமக்குப் பதிலாக விற்பனையாளராக நின்று அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். இவ்வளவு முக்கியமான விஷயத்துக்குப் பத்தே நிமிடம். ஆனால் முதலீட்டாளரிடம் எப்படிப் பேசுவது என்பதற்கு மூன்று மணி நேரம்! வந்திருந்தவர்களில் பாதிப் பேர் என்னைப் போல நாலைந்து பேர் வைத்து நடத்துபவர்கள், அதைக் கேட்டு என்ன செய்வது? வகுப்பு முழுக்கத் தமிழில் நடத்திவிட்டுக் குறிப்பேட்டை ஆங்கிலத்தில் மட்டும் கொடுத்ததும் வருத்தம்தான்.

சந்தாவா, ஒரே விலையா என்று குழம்பிக்கொண்டிருப்பவர்கள் தாராளமாகப் போகலாம். முதலீடு தேடுபவர்களுக்கு இது போதாது. வண்டி நிறுத்த அங்கே இடமே இல்லை, கடலூர்க்காரர்கள் பஸ்ஸில் போய் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ பிடித்துக்கொள்ளுங்கள்.