ஃப்ரெயில்ட்டி: பாசக்கார அப்பா, கையில் கோடாரி

2001இல் வந்த இந்தப் படத்தில் பயமே அப்பாதான். 1979, டெக்சாஸில் ஒரு சிற்றூர், தாயில்லாத இரண்டு பையன்கள், அவர்களை உயிராக வளர்க்கும் மெக்கானிக் அப்பா. ஒருநாள் ராத்திரி இருவரையும் எழுப்பி, கடவுள் தரிசனம் தந்தார், மனித உருவில் திரியும் பிசாசுகளை நம் குடும்பம் அழிக்க வேண்டும் என்கிறார். குடித்துவிட்டு அடிக்கிற அப்பா என்றால் வெறுத்துவிடலாம், இவரோ அதே பாசத்தோடு பேசிக்கொண்டே கோடாரியைத் தூக்குகிறார், அதைத்தான் தாங்க முடியவில்லை.

அப்பாவாக நடித்த பில் பாக்ஸ்டனே இயக்கியும் இருக்கிறார். ரத்தத்தைக் கொட்டிப் பயமுறுத்தவில்லை. வெட்டு விழும்போது நமக்குத் தெரிவது பெரும்பாலும் பையன்களின் முகம்தான். சின்னவன் உடனே நம்பிவிடுகிறான். நம்ப மறுக்கும் பெரியவனைத் தண்டனையாகக் குழி தோண்ட வைக்கிறார் அப்பா, உள்ளங்கை கொப்பளித்தும் கையுறை போடாமல் வீம்பாகத் தோண்டுகிறானே, அங்கே மேட் ஓ'லியரி அசத்திவிட்டான். பெரியவர்களான பிறகு நடக்கும் பகுதியில் மேத்யூ மெக்கானஹே குரலை உயர்த்தாமலே கலவரப்படுத்துகிறார்.

எனக்குக் குறை கடைசித் திருப்பத்தில்தான். மனப்பிறழ்வா, இறையழைப்பா என்று அதுவரை தவிக்கவிட்டவர்கள், பதிலை அவ்வளவு வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டாம். அப்புறம், குழந்தைகள் தூங்கிய பிறகு பாருங்கள்.